நாற்பத்தொன்றாம் எண் சாம்பிள்

ஜூன் 5, திங்கள்

என் பொண்டாட்டிக்கு வாய் நீளம். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

மதுரையில் அந்தக் கருத்தரிப்பு மையத்துக்கு இன்று இரண்டாவது தடவை போனோம். டாக்டர் நர்மதா எங்கள் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "சார் என்ன தொழில்?" என்று கேட்டார். போடியில் ஏலக்காய் வியாபாரம் என்றேன். பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டியது. பக்கத்தில் இருந்த தமயந்தி, "அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் ஏலத்தோட்டத்துல மருந்தடிச்சாருங்க" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏழு வருஷமா? எந்த வயசுல இருந்து?"

"பதினேழுல இருந்து" என்று அதற்கும் அவளே பதில் சொன்னாள். எனக்கும் ஒரு வாய் இருக்கிறது என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் ஒரு ஆராய்ச்சி செய்கிறாராம். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த ஆண்களுக்குப் பிள்ளை உண்டாகிற சக்தி எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாராம். நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

"மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?" என்று தமயந்தி கேட்டாள்.

"தெரியாதும்மா. தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு?"

பிறகு, நாலு வருஷத்துக்கு முன் தேனியில் எடுத்த என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏழு வருஷம் அடிச்சவருக்கு இவ்வளவு நல்ல எண்ணிக்கையா? சார், நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமான ஆளு. உங்களை விடமாட்டேன்."

நாற்பத்தொன்றாம் எண் எனக்கு. பதினாறாம் தேதி புதுசாக ரத்தமும் சாம்பிளும் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் தமயந்திக்கு ஊசி போட்டு, முட்டை எடுத்து, வெளியே வைத்துக் கரு உண்டாக்கும் சிகிச்சை. அவளுக்கு முப்பத்தேழு. இனிமேலும் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டுவது வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன். "என் பழசை ஊரெல்லாம் தூக்கி வெச்சுப் பேசணுமா?"

"மருந்தடிச்சது என்ன திருட்டுத் தொழிலா?" என்றாள்.

கார் ஓட்டிக்கொண்டிருந்த சூசைராஜ் கண்ணாடியைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 7, புதன்

ஏலத்தில் எடுத்த சரக்கு ஸ்டோருக்கு வந்து இறங்கியது. எங்கள் தொழிலில் மூட்டையைப் பிரித்துப் பார்த்து யாரும் ஏலம் கேட்பதில்லை. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற மலைக்காரர் ஒரு சின்னப் பையில் சாம்பிள் வைப்பார். அதைக் கையில் கொட்டி, பச்சை பார்த்து, பருமன் பார்த்து, ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே இருக்கிற விதையரிசி பார்த்து விலை கேட்போம். சாம்பிள் என்றால் சத்தியம்.

இன்றைக்கு வந்த மூட்டையில் மேலே சாம்பிள் மாதிரியே எட்டு மில்லி பருமனுள்ள முதல்தரக் காய். முழங்கை வரை கையை விட்டேன். அடியில் எல்லாம் வெளுத்த சருகு. அந்த மலைக்காரர் டீக்கடையில் இருந்தார். நாலு வியாபாரிகள் முன்னாலேயே பிடித்துக்கொண்டேன். "மட்டச் சரக்குன்னா மட்டம்னு சொல்லி வித்துட்டுப் போய்யா, யாரு வேணாம்னா? நல்ல சாம்பிளைக் காட்டிச் சருகை அனுப்புறவனுக்கு இந்த ஊர்ல என்ன வேலை?" என்று கத்தினேன். அவர் தலை குனிந்து போனார். என் வயசைவிட இருபது கூட இருக்கும் அவருக்கு.

சூசை மூட்டை ஏற்றுகிற இடத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னா பார்வை? ஏத்து" என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

ராஜாத்தி அக்கா வந்தாள். எனக்கு மூத்தவள், அப்பா போனபிறகு தோட்ட வேலைக்குப் போய் எனக்குச் சோறு போட்டவள். அந்த உரிமையில் என்ன வேண்டுமானாலும் பேசுவாள்.

"என் வீட்டுக்காரர் வழியில ஒரு பிள்ளை இருக்குடா. இருபத்தொம்பது வயசு. புருசன் விட்டுட்டான். பாவம், நல்ல பிள்ளை."

"அதுக்கு?"

"அதுக்கென்னா அதுக்கு? உன் ரிப்போர்ட்டு சுத்தமா இருக்கு. ஆம்பளைக்குக் குறை இல்லைங்கறப்போ இன்னும் எத்தனை வருஷம்டா பட்ட மரத்துக்குத் தண்ணி ஊத்துவ?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தமயந்தி காப்பியோடு வந்தாள். "மதினி, உங்களுக்குச் சுகர் இருக்கறதை மறந்து சீனியை அள்ளிப் போட்டுட்டேன். பரவாயில்லை குடிங்க. வாய்க்காவது இனிப்பு வரட்டும்."

அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை நானும் பேசியிருக்கலாம் என்று தமயந்தி சொன்னாள். என்ன பேசுவது? பெண்கள் சண்டையில் ஆம்பளைக்கு என்ன வேலை என்றேன்.

ஜூன் 16, வெள்ளி

சாம்பிள் கொடுத்தாச்சு. ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜில் அறை எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றார்கள். தமயந்தியை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தேன். சூசை காரை நிறுத்திவிட்டு மேலே வந்தான். பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ரிப்போர்ட். அருமையான சாம்பிள், சார் என்றார் டாக்டர்.

சூசைக்கு மூன்று பிள்ளைகள்.

திரும்பும்போது சாப்பிட நிறுத்தச் சொன்னேன். பசியில்லை என்று காரிலேயே இருந்துகொண்டான்.

ஜூன் 17, சனி

எழுதிவிடுகிறேன். இந்த டைரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவன் நான்தான். எனக்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் கோயம்புத்தூருக்குச் சரக்கு விஷயமாகப் போனவன், யாருக்கும் சொல்லாமல் டெஸ்ட் எடுத்தேன். வேறு பேர் கொடுத்தேன். விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தார்கள். குறைவு என்றுகூட இல்லை, இல்லவே இல்லை. பஸ் ஸ்டாண்டுக் கழிவறையில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

பிறகு எட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கோயில் கோயிலாகக் கூட்டிப் போனேன். நாட்டு வைத்தியர் கொடுத்த கசாயத்தை அவள் வாந்தி எடுத்து வாந்தி எடுத்துக் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளே தேனியில் ஒரு டாக்டரைப் பார்த்து, எனக்கும் டெஸ்ட் எழுதி வாங்கி வந்துவிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். சூசையைக் கூப்பிட்டேன். "ஒரு டெஸ்டுக்கு உன் சாம்பிள் வேணும்டா, எனக்கு உடம்பு சரியில்லை, வெளியே சொல்லாதே" என்றேன். என்னிடம் வேலை பார்க்கிறவன். என்ன சொல்வான்?

எனக்கு நல்ல ரிப்போர்ட் வந்தது. அப்படியானால் கோளாறு அவளிடம்தானே இருக்க வேண்டும்? வயிற்றில் மூன்று துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே தெரிந்த ஒரே ஆள் நான். வெளியே உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றேன். அது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, சட்னி நன்றாக இருந்தது.

ஏன் செய்தேன்? மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான். சட்டை நனைந்து ஒட்டிக்கிடக்கும். அதே கையால் சோறு தின்போம். மூக்கில் துணி கட்டிக்கொள் என்று ஒரு முதலாளியும் சொன்னதில்லை. அந்தப் பயலை ஏல மையத்தில் ஒரு ஆளாக மதிக்க இந்த ஊருக்கு இருபது வருஷம் பிடித்தது. அந்த மருந்துதான் காரணமா, டாக்டருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் குறை எனக்கென்று தெரிந்தால் இந்த ஊர் எப்படிச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தை இல்லாத பொம்பளையைப் பார்த்து ஊர் உச்சுக் கொட்டும். ஆம்பளையைப் பார்த்தால் சிரிக்கும்.

கோபம். யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்.

ஜூன் 21, புதன்

டாக்டர் போன். "சார், ஒரு சந்தேகம். உங்க ரத்தத்துல ஹார்மோன் அளவு ஒரு மாதிரி சொல்லுது, சாம்பிள் வேற மாதிரி சொல்லுது. ரெண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தலை."

"மிஷின் பழுதா இருக்கும்."

"இருக்கலாம். முட்டை எடுக்கற அன்னைக்கு லாட்ஜ் வேண்டாம், இங்கேயே தனி ரூம் இருக்கு. அங்க வெச்சே கொடுங்க. ஆராய்ச்சிக்கும் அதையே எடுத்துக்கறோம்."

போனை வைத்த பிறகு ஸ்டோரில் இருந்த எடை மிஷினை எட்டி உதைத்தேன். அது என்ன செய்யும் பாவம்.

ஜூன் 24, சனி

ஊசி ஆரம்பம். தினம் ஒன்று, பத்துப் பன்னிரண்டு நாள். தமயந்தி தானே போட்டுக்கொள்கிறாள். அதுவும் எங்கே? அவள் பார்த்துக்கொள்கிற காய் பொறுக்கும் கொட்டகையில், நாற்பது பெண்கள் சாப்பிடுகிற நேரத்தில், சேலையை விலக்கி வயிற்றில் குத்திக்கொள்கிறாளாம்.

"வீட்டுல வந்து போட்டா என்ன? ஊருக்குப் படம் காட்டணுமா?" என்றேன்.

"ஒளிச்சுப் போட நான் என்ன தப்பு பண்ணேன்?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் அந்தச் சோற்றையும் சேர்த்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

ஜூன் 28, புதன்

மழை. ஏலம் மந்தம். அவளுக்கு வயிறு உப்பியிருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. ஸ்கேனில் நிறைய முட்டை தெரிகிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 30, வெள்ளி

சூசையை ஸ்டோருக்குப் பின்னால் அழைத்துப் பேசினேன். அஞ்சாம் தேதி ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குப் பக்கத்தில் கழிவறை இருக்கிறது, அங்கே டப்பாவை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போய்விடுவேன், ரெண்டு நிமிஷ வேலை என்று சொன்னேன்.

"இதுவும் டெஸ்டு தானுங்களா மொதலாளி?"

"ஆமாடா."

"இல்லைங்க. கொட்டகைல என் சம்சாரமும் காய் பொறுக்குது. அம்மா ஊசி போட்டுக்கறது எதுக்குன்னு அவ சொன்னா. அன்னைக்கே முட்டையோட சேர்க்கறாங்களாமே?"

நான் திரும்பி, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"டெஸ்டுக்குன்னு கேட்டீங்க, ரெண்டு தடவை கொடுத்தேன். அதுக்கே பாவமன்னிப்புக் கேக்க முடியாம சாமியார் மூஞ்சியைப் பார்க்காம திரியறேன். புள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். அம்மா வயித்துல என் புள்ளை வளரும், அது அவுங்களுக்குத் தெரியாது. நான் காரு கதவைத் திறந்துவிட, அது ஏறி உக்காரும். என்னால ஆகாது."

"யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது. அதனாலதான் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசறேன்."

கும்பிட்டுக்கொண்டேதான் நின்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வேலையை விட்டுப் போடா என்றேன்.

ஜூலை 1, சனி

சூசை சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். என்னிடம் இல்லை, தமயந்தியிடம். "என்னங்க, என்னை மன்னிச்சிருங்கம்மான்னு அழுதுட்டுப் போறான். என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினான், அதனால் நிறுத்திவிட்டேன் என்றேன்.

"சூசையா? குடிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 5, புதன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

நானே கார் ஓட்டிப் போனேன். எட்டு மணிக்கு அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். போகும்போது தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். உலோகம் கூடாதாம். "பத்திரம்" என்றாள்.

எனக்கு ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, கைகழுவும் தொட்டி, முருகன் படம் போட்ட காலண்டர். அதை யார் அங்கே மாட்டினார்களோ. டப்பாவில் என் பேரும் நாற்பத்தொன்று என்ற எண்ணும் ஒட்டியிருந்தது. பாதி நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஒருவேளை இத்தனை வருஷத்தில் ஏதாவது ஊறியிருக்கும் என்றும் யோசித்தேன். முப்பது வருஷம் வியாபாரம் பண்ணினவன், இப்படி ஒரு நம்பிக்கையில் சரக்கு அனுப்பினது இதுதான் முதல் தடவை. என்னுடையதைக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். லேப் பெண் ஒருத்தியும் நின்றாள். "பதினொரு முட்டை கிடைச்சிருக்கு சார், எல்லாம் நல்ல முட்டை. ஆனா உங்க சாம்பிள்ல ஒரு உயிரணுகூட இல்லை. மிஷின்ல போட்டு ரெண்டு தடவை சுத்திப் பார்த்துட்டோம். போன மாசம் கொடுத்தது யாரோடது?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம். "உங்க லேப்ல மாத்திட்டீங்க! வேற எவனோடதையோ என் பேர்ல போட்டுட்டீங்க. ஆஸ்பத்திரியா நடத்தறீங்க? போலீசுக்குப் போறேன்" என்று மேஜையைத் தட்டினேன். அந்த லேப் பெண் அழ ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. அவள் அழ அழ நான் இன்னும் கத்தினேன்.

கதவு திறந்தது. பச்சை அங்கியில் தமயந்தி. குளுக்கோஸ் மாட்டின கம்பியை ஒரு கையில் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றாள். நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அந்தப் பிள்ளையை ஏங்க அழ வெக்கறீங்க?" என்றாள். சத்தமே இல்லாத குரல். "சூசையோடதா?"

நான் தலையை ஆட்டவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"தேனியில கொடுத்ததும்?"

மேஜையைத் தட்டின கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் டாக்டரைப் பார்த்து, "முட்டையை என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். உறைய வைத்துப் பத்திரப்படுத்தலாம் என்றார் டாக்டர். "வெச்சிருங்க. பதினொண்ணும் என்னுது" என்றாள். பிறகு சுவரோடு சாய்ந்தாள். நர்ஸ் தாங்கிப் பிடித்தாள். நான் கை நீட்டினேன். "நீங்க தொடாதீங்க."

ஊர் வரும் வரைக்கும் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய தாலி என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

ஜூலை 6

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

வீட்டில் இப்போது ஒரு ஆளுக்கு மட்டும்தான் சமையல். பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் தின்கிறேன். அவள் கொட்டகைக்குப் போய்வருகிறாள். என்னிடம் பேசுவது வேலை விஷயம் மட்டும். "நாளைக்கு எட்டு மில்லி ரெடி ஆயிரும்." "சாக்கு பத்தலை."

தாலியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அங்கேயேதான் இருக்கிறது.

சூசை வேறு ஸ்டோரில் சேர்ந்துவிட்டான். இன்று கடைவீதியில் எதிரே வந்தான். முதலாளி என்று கும்பிடவில்லை. நான்தான் நின்றேன். "நீ சொன்னது சரி" என்றேன். "தெரியுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஜூலை 12, புதன்

ஊசி போட்டு விதைப்பையிலிருந்து நேரடியாக உயிரணு எடுக்க முடியுமா என்று பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனேன். தமயந்தியும் வந்தாள், ஆறுதலுக்கு இல்லை. "எனக்கு மூணு துளை போட்டாங்க, பன்னண்டு ஊசி நானே குத்திக்கிட்டேன். உங்களுக்கு ஒரு ஊசி போடறப்போ நான் பார்க்க வேண்டாமா?" என்றாள்.

வலித்தது. கத்தவில்லை.

டாக்டர்தான் கத்தினார், மெதுவாகத்தான் என்றாலும் கத்தல்தான். "உங்களாலதான் இவங்க தேவையில்லாம ஒரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. அது உங்க குடும்ப விஷயம்னு வெச்சுக்கறேன். ஆனா நாற்பது பேர் கூச்சத்தை விட்டு இங்க வந்து உண்மையைக் கொடுத்திருக்காங்க. நடுவுல உங்க நம்பர் ஒண்ணு பொய். மருந்தடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அந்த ஒரு சாம்பிளை வெச்சு நாளைக்கு யாராவது எழுதினா? இன்னைக்கும் தோட்டத்துல பையன்கள் வெறும் மேலோட அடிச்சுக்கிட்டு இருக்கானுங்க சார்."

இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆராய்ச்சிக்காக நான் நிரப்பிக் கொடுத்த காகிதத்தைக் கேட்டு வாங்கி, பழைய பதில்களை அடித்துவிட்டு என் கையாலேயே எழுதினேன். எந்த மருந்து, எத்தனை டப்பா, எத்தனை நாள், கோயம்புத்தூர் டெஸ்ட் எந்த வருஷம். மருந்துப் பேரெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. வாசனையும்தான்.

சாயங்காலம் சொன்னார்கள். ஊசியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. இனி வழி, யாரென்று தெரியாத ஒருவர் தானம் கொடுத்த விந்து. இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் செய்ய முடியும்.

"வேற ஒருத்தன் பிள்ளையா?" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது.

தமயந்தி சிரித்தாள். நெஞ்சு எரிகிற சிரிப்பு. "நாலு வருஷத்துக்கு முன்னாடியே வேற ஒருத்தனைக் கொண்டுவந்தது நீங்க. போன வாரம் சூசை சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் என் வயித்துல இருக்கும். அப்போ கசக்கலை. எனக்குத் தெரிஞ்சு செஞ்சாத்தான் கசக்குதோ?"

ஜூலை 23, ஞாயிறு

அக்கா வந்தாள். அந்த இருபத்தொன்பது வயசுப் பெண்ணின் போட்டோவும் கூடவே வந்தது. முட்டை எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"காசைக் கரியாக்குனது போதும்டா. முட்டையே சொத்தையாம்ல?" என்றாள். தமயந்தி கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அக்கா, அவ முட்டை பதினொண்ணும் நல்ல முட்டை. குறை எங்கிட்ட. எனக்கு உயிரணுவே கிடையாது. ரிப்போர்ட்டு பொய், வேற ஆளோடது."

அக்கா வாயைப் பொத்தினாள். போட்டோ கீழே விழுந்தது. ஒரு நிமிஷம் அழுவாள் என்று நினைத்தேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். சின்ன வயசில் தோட்ட வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் பேசின அதே குரல்.

"சாமி, இதை வெளியே சொல்லிறாதடா. நீ நாலு பேரு மத்தியில நிக்கறவன். ஊருக்கு அவதான்னு ஆயிப்போச்சு. பன்னண்டு வருஷம் பழகியும் போச்சு. அது அவகிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

என் சொந்த வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் நான் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தது. வேறொருத்தர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு நாறுகிறது என்று தெரிந்தது.

"எந்திரிக்கா" என்றேன்.

"என்னடா?"

"எந்திரி. இவ்வளவு நாள் அவளைச் சொன்னதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கேளு. கேக்கலைன்னா நாளைக்கு ஏல மையத்துல மைக்கைப் பிடிச்சு நானே சொல்றேன், என்னைப் பத்தி."

அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எழுந்து போனாள். போட்டோவை எடுத்துக்கொண்டாள், மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் தமயந்தியைப் பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அதுதான் உண்மை.

"இப்போ சொன்னது எனக்காக இல்லை" என்றாள், வெங்காயத்தைப் பார்த்தபடியே. "அவுங்க பேசுனதுல உங்க மூஞ்சி தெரிஞ்சிருச்சு. அதைப் பார்க்கச் சகிக்கலை. அதான் கத்துனீங்க."

"அப்படியே இருக்கட்டும். சொல்லிட்டேன்ல?"

"சொல்லிட்டீங்க" என்றாள். "சாப்பிட்டுப் போங்க. வெங்காயம் கூட உரிச்சுட்டேன்."

ஜூலை 24, திங்கள்

ஏல மையத்தில் மைக் எல்லாம் பிடிக்கவில்லை. டீக்கடையில் அதே நாலு வியாபாரிகள் இருந்தார்கள். ஒருவன், "என்ன சுருளிவேலு, விசேஷம் உண்டா?" என்றான், பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற கேள்வி. "எனக்குத்தான் குறை. அவளுக்கு ஒண்ணுமில்லை. டெஸ்ட் எடுத்தாச்சு" என்றேன். நான் வெளியே வந்த பிறகு சிரித்தார்கள். கேட்டது. திரும்பிப் போய் அவனைச் சட்டையைப் பிடிக்கக் கால் துடித்தது. பிடிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் உடம்பு கொதித்தது.

ஜூலை 26, புதன்

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைத் தமயந்தி காலையில் என் முன்னால் வைத்தாள். அதில் மூன்று கட்டம். முட்டையை மேலும் பத்திரப்படுத்த வேண்டும். தானத்தைச் சேர்த்துக் கருவாக்க வேண்டும். முட்டையை அழித்துவிட வேண்டும். எதிலும் குறிக்கவில்லை. அடியில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் என் இடம் காலி.

"எதுல குறிக்கப் போற?"

"தெரியலை. பிள்ளை வேணுமா வேண்டாமான்னு இத்தனை வருஷம் என்னை யாரு யோசிக்க விட்டா? மருந்து குடி, மண்சோறு தின்னு, மல்லாக்கப் படுன்னுதான் சொன்னீங்க. இப்பத்தான் யோசிக்கறேன். உங்ககூட இருந்து வளக்கறதா, தனியா இருக்கறதா, அதையும் சேர்த்துத்தான்."

"குறிச்சிட்டுக் கொடு. கையெழுத்துப் போடறேன்."

"இல்லை. நீங்க போட்டுக் கொடுங்க. நான் அப்புறம் குறிச்சுக்கறேன்."

விலை போடாத சீட்டில் கையெழுத்துக் கேட்கிறாள். வேறு யாராவது இப்படி நீட்டியிருந்தால் கிழித்து மூஞ்சியில் எறிந்திருப்பேன். கோபம் வரத்தான் செய்தது. பேனாவை எடுத்து மேஜையில் இரண்டு தடவை தட்டினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

போட்டேன்.

அவள் மை காய்கிற வரைக்கும் ஊதிவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்தாள். மதுரைக்குக் காரில் கொண்டுபோய் விடவா என்று கேட்டேன். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, கொட்டகையில் இன்றைக்கு ஏழு மில்லி பிரிக்க வேண்டும், பெண்களிடம் சொல்லிவிடுங்கள் என்றாள்.

கொட்டகைக்குப் போனேன். நாற்பது பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஏழு மில்லியைப் பிரிக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சூசையின் சம்சாரம் மட்டும் கேட்டாள், "அம்மா எப்போ வருவாங்க?"

தெரியாது என்றேன்.